அளவில் எழுதிய வரவுசெலவு: 2022 நெருக்கடியில் திருகோணமலையின் ஊர்க்கூத்து விழா – ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை மாவட்டத்தில் ஓர் ஊர்விழா நின்றுபோனால் 'காசில்லை' என்பதுதான் வழக்கமான விளக்கம். கணக்குக் கொப்பியைத் திறந்து பார்த்தால் விஷயம் கொஞ்சம் வேறு. வெளியே காசு கொடுத்து வாங்கவேண்டியது எவ்வளவு, ஊருக்குள்ளேயே தீர்வது எவ்வளவு என்று யாரும் பிரித்து வைத்திருக்கமாட்டார்கள். விலை ஏறும்போது முதலில் உடைவது வெளியே வாங்கும் பகுதி. அதைத் தூக்கி நிறுத்துவதற்காக ஊருக்குள் தீரும் பகுதியை வெட்டுவார்கள். மைக்செற்காரருக்கு முற்பணம் போய்விடும். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் வேட்டி சால்வை நின்றுவிடும். இலங்கையின் பொருளாதார நெருக்கடி ஆண்டான 2022 இந்தப் பழக்கத்தை நன்றாகவே காட்டிக்கொடுத்தது.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரு மாதிரி விழா. மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று, தம்பலகாமம், சாம்பல்தீவுப் பக்கங்களின் ஊர்விழா அமைப்பை வைத்து அது கட்டப்பட்டிருக்கிறது. ஆட்தொகையும் அளவுகளும் அந்த மாதிரிக்குரியவை. எரிபொருள் விலை, பரீட்சைத் திகதி, ஊரடங்கு, பணவீக்கம் ஆகியவை அந்த ஆண்டில் நடந்தபடியே தரப்பட்டுள்ளன.

ஊர் இதுதான்: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் அம்மன் கோயில், ஏறக்குறைய 250 குடும்பங்கள். வைகாசிப் பொங்கலை ஒட்டி இரண்டு இரவு விழா. முதல் இரவு சிறுவர் கும்மி, கரகம், கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் குழுவின் களிகம்பாட்டமும் (கோலாட்டம்) சீனடி சிலம்படியும் (தற்காப்புக் கலை). இரண்டாம் இரவு வடமோடி மரபுக் கூத்தின் அரங்கேற்றம். ஆடுவோர் 22 பேர், அண்ணாவியார் ஒருவர், மத்தளம் இரண்டு, சல்லாரி (தாளம்) ஒன்று, பக்கப்பாட்டு நால்வர். ஆக 30 பேர்.

தையில் போட்ட கணக்கு

தைப்பொங்கல் முடிந்து சட்டங்கொடுக்கும்போதே (பாத்திரங்களைப் பங்கிடும்போதே) குழு வரவுசெலவு போட்டுவிடும். மாதிரி ஊரில் நூறு ரூபாய் செலவென்றால் மேடை, ஒலி, ஒளி, ஜெனரேற்றருக்கு 34, கதிரைக்கும் பந்தலுக்கும் 18, அழைப்பிதழ், சிறப்பு மலர், பொன்னாடை, நினைவுச்சின்னம் எல்லாமாக 14, சாப்பாட்டுக்கு 16, கலைஞர் சன்மானத்துக்கு 10, உடுப்புத் திருத்தத்துக்கு 8. முதல் மூன்றும் சேர்ந்தால் 66. அந்த 66 ரூபாயில் பெரும்பங்கு டீசல், இறக்குமதிப் பொருள், வாடகை என்று ஊரை விட்டு வெளியே போகிற காசு.

ஜனவரியில் ஒட்டோ டீசல் லீற்றர் 121 ரூபாய். மார்ச் முதல் வாரத்தில் ரூபாயின் நாணயமாற்று விகிதம் தளர்த்தப்பட்டது. மே 24ஆம் திகதி டீசல் 400, ஜூன் 26ஆம் திகதி 460. இதைப் பழைய பாணி மேடைக்குப் போட்டுப் பார்க்கலாம். 1000 வாற்று ஹலோஜன் பார் விளக்கு 12, அதோடு ஒலியமைப்பு; மொத்தச் சுமை 14 கிலோவாற்று. 20 கேவிஏ ஜெனரேற்றர் இந்தச் சுமையில் மணிக்கு 5 லீற்றர் வரை குடிக்கும். இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை 50 லீற்றர், இரண்டு இரவுக்கு 100 லீற்றர். ஜனவரிக் கணக்கில் 12,100 ரூபாய். மே இறுதிக் கணக்கில் 40,000. காசு இருந்தாலும் டீசல் கையில் வராது. பெற்றோலையும் டீசலையும் கலன்களில் நிரப்பிக் கொடுப்பதை மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜெனரேற்றரை நிரப்பு நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் சீனக்குடாவில் வரிசையாக நிற்கின்றன; அதே மாவட்டத்தில் ஐந்து லீற்றருக்கு விடியவிடிய நின்றார்கள் மக்கள்.

ரூபாயில் எழுதிய வரவுசெலவு ஆறு வாரத்தில் பயனற்றுப்போன ஆண்டு அது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். ஆகவே முதல் மாற்றம் கொப்பியில்தான் நடக்கவேண்டும். ஒவ்வொரு செலவையும் கிலோ, லீற்றர், ஆள்நாள், அடி என்று அளவில் எழுதி, விலைக்குப் பென்சிலால் ஒரு நிரல் விட வேண்டும். விலை மாறினாலும் அளவு மாறாது. 'அரிசி 72 கிலோ' என்று எழுதியிருந்தால் ஒருவர் 10 கிலோ தந்ததும் மீதி 62 என்று எவருக்கும் விளங்கும். 'சாப்பாட்டுச் செலவு' என்று ஒரு தொகையை எழுதியிருந்தால் யார் எதைக் குறைத்தார்கள் என்பதே தெரியாது.

திகதியைப் பிடிப்பது

2022 வைகாசி மே 15இல் பிறந்தது. அந்த மாதத்துக்குள் இரண்டு இரவு தேடுவது சிக்கலான வேலை. மே 9 வன்முறைக்குப் பின் நாடெங்கும் ஊரடங்கு. பதவி விலகிய பிரதமர் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் வந்து சேர்ந்ததும் தளத்தின் வாசலில் ஆர்ப்பாட்டம்; நகரப் பக்கம் போகவே பலர் தயங்கிய நாட்கள். 2021இல் நடந்திருக்கவேண்டிய சாதாரண தரப் பரீட்சை 2022 மே 23 முதல் ஜூன் 1 வரை நடந்தது. பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கி அனுமதி கேட்டுப் போவதே தவறு. பதினாறு வயதுப் பிள்ளைகள் கூத்திலும் கும்மியிலும் இருந்தால் ஒத்திகையும் நடவாது. ஜூன் 14 பொசன் போயா.

மிஞ்சுவது ஜூன் 2க்கும் 13க்கும் இடைப்பட்ட நாட்கள். அதற்குள் 10, 11ஆம் திகதிகள், வெள்ளியும் சனியும், பொருந்தி வருகின்றன. காரணம் நிலவு. பூரணைக்கு மூன்று நான்கு நாள் முந்திய நிலவு பொழுதுபடும்போதே மேலே நிற்கும். பின்னிரவு வரை கிடக்கும். மின்வெட்டு அட்டவணை நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்த காலத்தில், குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு ஒழுங்கையால் நடந்து வருவதற்கு அதைவிட நம்பகமான வெளிச்சம் கிடையாது. மின்சாரம் வராத காலத்து அண்ணாவிமார் வளர்பிறை பார்த்துக் களரி (வட்டமான ஆடுகளம்) வைத்ததும் இதனால்தான். இரண்டு வாரம் பிந்தியிருந்தால் விழாவே இல்லை: ஜூன் 27 நள்ளிரவோடு அத்தியாவசிய சேவைக்கு மட்டும் எரிபொருள் என்று அறிவித்துவிட்டார்கள்.

ஒரு மாற்றுத் திகதியையும் அப்போதே முடிவுசெய்து வைக்கவேண்டும். அடுத்த வளர்பிறை ஜூலை இரண்டாம் வாரம். மாற்றுத் திகதி இருக்கிறது என்பதை வாடகைக்காரர், அயலூர்க் குழு, பொலிஸ் மூவருக்கும் எழுத்தில் கொடுத்தால்தான் முற்பணம் திகதியோடு நகரும். வாய்ப்பேச்சில் கொடுத்த முற்பணம் ஊரடங்கு வந்த அன்றே போய்விடும்; 'நாங்கள் வரத் தயாராகத்தானே இருந்தோம்' என்று வாடகைக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

மேடையைக் கைவிட்டுக் களரிக்கு

பலர் இதைச் செலவுக் குறைப்பாகப் பார்ப்பார்கள். உண்மையில் கூத்து, ஒருபக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏறியது பிற்காலத்தில்தான். அதன் ஆட்டக்கோலங்கள் வட்டத்துக்காகவே கட்டப்பட்டவை. ஆனாலும் ஊரிலே எதிர்ப்பு வரும். 'மேடை இல்லாமல் என்ன விழா?' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மேடையில் ஏறிப் பேசவிருந்தவர்கள்.

வட்டத்தின் விட்டம் 24 அடி. இதற்குக் குறைந்தால் பன்னிரண்டு பேர் ஒன்றாக நின்றாடும் போர்த்தருவில் (போர்ப்பாட்டு ஆட்டத்தில்) கரப்புடுப்புகள் ஒன்றோடொன்று உரசும். பிரம்பு வளையத்தில் துணி போர்த்திய அந்த உடுப்பு இடுப்பிலிருந்து விரிந்து நிற்பதால் ஓர் ஆட்டக்காரருக்கு மூன்றரை அடியாவது வேண்டும். 28 அடிக்கு மேல் போனால் தாளக்கட்டு சிதறும். மத்தளத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் பிந்துவார்.

கடற்கரை ஊரில் நிலம்தான் பெரிய பிரச்சினை. மணலில் துள்ளி மிதித்தால் கணுக்கால் பிரளும். சதங்கை கட்டிய காலில் அது கூடுதலாகத் தெரியும். ஆகவே மூன்று அங்குலக் கனத்துக்குக் களிமண் பரப்பி இறுக்கவேண்டும். 24 அடி வட்டத்தின் பரப்பு 452 சதுர அடி. மூன்று அங்குலம் என்றால் 113 கன அடி. இறுக்கியபின் மண் கால்வாசி அமிழ்ந்துவிடும் என்பதால் ஒன்றரைக் கியூப் (150 கன அடி) தேவை. ட்ரெக்டர் பெட்டியில் இரண்டு இழுவை. வயற்கரை மண்ணென்றால் காசு வேண்டாம், டீசல் மட்டும். மண்ணில் கிடக்கும் சிப்பி ஓடு, போத்தல் துண்டு, கல் எல்லாவற்றையும் கையால் பொறுக்கவேண்டும். இந்த வேலையைச் சிறுவர்களிடம் விட்டால் பாதிதான் நடக்கும். பரப்பி, நீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடிப்பது விழாவுக்கு இரண்டு நாள் முன்னர் முடியவேண்டும். அன்று காலை இடித்தால் இரவில் வழுக்கும். ஒரு வாரம் முந்தி இடித்தால் கச்சான் காற்றுக்கால வெயிலில் பாளம் பாளமாக வெடித்துவிடும். விழா நாளில் பின்னேரம் நாலு மணிக்கு ஒருதரம் லேசாகத் தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும்.

களரியைச் சுற்றிப் பார்வையாளர் இருக்கும் வளையத்தைக் கணக்கிட்டால் கதிரைச் செலவு தானாகவே விழுகிறது. நடுவிலிருந்து 14 அடியில் தொடங்கி 30 அடி வரை பாய் விரித்தால் சுமார் 2200 சதுர அடி. ஒருவருக்கு 5 சதுர அடி வீதம், நாலு அடி அகலத்தில் இரண்டு நடைபாதை விட்டாலும் 400 பேர் இருக்கலாம். அவர்களில் எவரும் களரி நடுவிலிருந்து 30 அடிக்கு அப்பால் இல்லை. மேடைக்கு முன்னால் அதே 400 பேருக்குக் கதிரை போட்டால் வரிசைக்கு 20 வீதம் 20 வரிசை. கடைசி வரிசைக்கு மேடை 60 அடி தூரம். அந்தத் தூரத்துக்கு ஒலிபெருக்கி இல்லாமல் பாட்டுக் கேட்காது. முழங்கால் மடக்க முடியாதவர்களுக்கு மட்டும் 40 கதிரை, கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டு வாங்கி, வெளிவளையத்தில்.

ஒலிபெருக்கியைப் பற்றி இன்னொன்று. 2007இல் உயர்நீதிமன்றம் இட்ட கட்டளையின் பின் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சாதாரணமாக அனுமதி இல்லை; விசேட சந்தர்ப்பங்களுக்குத்தான் விலக்கு. விடியவிடிய நடக்கும் கூத்துக்கு அந்த விலக்கை ஆண்டுதோறும் கெஞ்சிக் கேட்கிறார்கள். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, அதன்பின் குரலும் மத்தளமும் சல்லாரியும் மட்டும் போதும் என்று களரியை அமைத்தால் அனுமதிப் பத்திரத்தில் பாதிப் பிரச்சினை தீரும். முன்நிகழ்வுகளுக்கும் கட்டியகாரன் வரவுக்கும் ஒரு சிறிய பெட்டி ஸ்பீக்கர் போதும். விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தரின் சிபாரிசோடு இரண்டு வாரம் முந்தியே பொலிஸில் கொடுத்துவிடவேண்டும்.

ஒளிக்கு நாலு திசையிலும் 12 அடி உயரக் கம்பத்தில் 30 வாற்று எல்.ஈ.டி. விளக்கு ஒவ்வொன்று. மொத்தம் 120 வாற்று. பத்து மணித்தியாலத்துக்கு 1200 வாற்றுமணி. இன்வேர்ட்டர் இழப்போடு 1400. 12 வோல்ற், 100 ஆம்பியர்மணி பெற்றறி ஒன்றில் பாதியை மட்டும் எடுப்பதென்றால் 600 வாற்றுமணி. ஆகவே மூன்று பெற்றறி, 500 வாற்று இன்வேர்ட்டர் ஒன்று. ட்ரெக்டர், லொறிப் பெற்றறிகளை ஓர் இரவுக்கு இரவல் வாங்கலாம். ஆனால் அவை எஞ்சினைக் கிளப்புவதற்கானவை, அடிமட்டும் உறிஞ்சினால் செத்துப்போகும். வோல்ற்மானி ஒன்றை மாட்டி, 12.0க்குக் கீழே போகாமல் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். இரவல் தந்தவர் மறுநாள் காலை வயலில் ட்ரெக்டர் கிளம்பாமல் நின்றால் அடுத்த ஆண்டு பெற்றறி கேட்டு அவர் வாசலில் ஏற முடியாது. விளக்குகளைச் சரிந்து கீழ்நோக்கிக் கட்டாவிட்டால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவரின் கண்ணில் அடிக்கும். வட்டக்களரியில் அடிக்கடி நடக்கும் பிழை இது.

டீசல் 100 லீற்றரிலிருந்து ஏறக்குறைய பூச்சியத்துக்கு வருகிறது. மின்வெட்டில்லாத நேரம் பார்த்துப் பெற்றறிகளை முதல் நாளே நிரப்பவேண்டும். விழா நாளில் நிரப்பலாம் என்று விட்டால் மின்வெட்டு நேரம் மாறி ஏமாற்றிவிடும்.

பிறகு காற்று. வைகாசி, ஆனியில் கச்சான் மேற்கிலிருந்து வீசும். பகலில் எழும்பி முன்னிரவு வரை அடங்காது. உடுப்புக் கொட்டில் களரியின் மேற்குப் பக்கம் இருக்கட்டும். வரவுக்குப் பிடிக்கும் வெள்ளைத்திரை அப்போது கொட்டிலின் மறைவில் நிற்கும். கிழக்கில் கொட்டில் போட்டால் திரை பிடிப்பவர்கள் பாய்மரத்தோடு மல்லுக்கட்டுவதுபோல் நிற்பார்கள். குரல் காற்றோடு கிழக்கே போகும், ஆகவே காது மந்தமான முதியவர்களுக்குக் கிழக்கு வளையம். தீப்பந்தம் அழகுதான், ஆனால் கச்சானில் கிடுகுப் பந்தலுக்கு அருகே பந்தம் கொளுத்துவது விளையாட்டல்ல. மங்கல விளக்கு ஒன்றைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம். 200 லீற்றர் பீப்பாய் இரண்டில் தண்ணீரும் நாலு வாளியும் கொட்டிலுக்குப் பக்கத்தில்.

ஆட்களைத் தக்கவைப்பது

மாசி முதல் வாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு இரவு, 16 வாரம், 32 ஒத்திகை. ஏப்ரல் தொடக்கத்து ஊரடங்கிலும் மே மாத ஊரடங்கிலும் நாலைந்து இரவு போய்விடும்.

வேலைக்குப் போய்க் களைத்து வருகிற பெடியன் ஒத்திகைக்கு வருவதற்குக் கலையார்வம் மட்டும் காரணமில்லை. அங்கே ஒரு தேநீரும் வாய்க்கு ஏதாவதும் கிடைக்கும். அந்த ஆண்டில் பல வீடுகளில் இரவுச் சாப்பாடு சுருங்கியிருந்தது. 30 பேருக்கு ஓர் இரவுத் தேநீருக்குச் சீனி 300 கிராம், தேயிலை 60 கிராம். முழு ஒத்திகைக் காலத்துக்கும் சீனி 10 கிலோ, தேயிலை 2 கிலோ, கொஞ்சம் இஞ்சி. அவித்த மரவள்ளி ஆளுக்கு 150 கிராம் வீதம் இரவுக்கு நாலரைக் கிலோ. அது வீட்டு வளவுகளிலேயே கிடைக்கும், முறை வைத்துக் கேட்டால் போதும். மொத்த வரவுசெலவில் இது மிகச் சிறிய தொகை. நெருக்கடி வந்ததும் குழுக்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். வெட்டி மூன்றாம் வாரத்தில் பாதிப்பேர் வரமாட்டார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டால் 'வேலை' என்பார்கள்.

எரிபொருளும் ஆட்களைப் பிரிக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் ஓட்டோவுக்கு ஒரு தடவைக்கு 1500 ரூபாய்க்கு மேல் பெற்றோல் அடிக்கமாட்டார்கள். லீற்றர் 338 ஆனபின் அது நாலரை லீற்றருக்கும் குறைவு. ஓகஸ்ட்டில் கியூஆர் எரிபொருள் பங்கீட்டு முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார்சைக்கிளுக்கு 4. ஓட்டோ ஓடிப் பிழைக்கும் ஒரு மத்தளக்காரர் ஒத்திகைக்கு ஒரு லீற்றரை எரித்தால் அது வீட்டு அடுப்பிலிருந்து எடுத்தது. ஒத்திகையைக் குறிச்சி குறிச்சியாகப் பிரித்து, நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்கள் சேர்ந்து தருக்களைப் பழகி, மாதத்துக்கு இரண்டு தரம் மட்டும் எல்லோரும் கூடுவது வேலை செய்யும். ஆனால் அண்ணாவியார் எல்லாக் குறிச்சிக்கும் போகவேண்டும். அவரைச் சைக்கிளில் ஏற்றிச் செல்ல ஒருவரை நியமிக்காவிட்டால் ஒவ்வொரு குறிச்சியும் தன் தாளத்தில் ஆடிக்கொண்டு வந்து நிற்கும்.

2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். கூத்தில் அது எப்படித் தெரியும் என்றால், சதங்கை அணியும் சடங்கு முடிந்த இரண்டாம் வாரம் ஒரு ராசாவுக்கு விசா வந்துவிடும். முக்கிய பாத்திரம் ஆறுக்கும் சட்டங்கொடுக்கும்போதே இருவர் இருவராகக் கொடுத்துவிடுவது நல்லது. அரங்கேற்றத்துக்கு இருவரும் நின்றால் முற்பகுதியை ஒருவரும் பிற்பகுதியை மற்றவரும் ஆடட்டும். நீண்ட இரவில் முன்களரி ராசாவும் பின்களரி ராசாவும் வேறாக இருப்பது கூத்தில் புதிதல்ல.

கிண்ணியாக் குழுவின் வருகை தனியாகக் கவனிக்கவேண்டியது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் பாதைக்காக (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவைக்காக) காத்துக்கிடக்கும் காலம் முடிந்தது. 2022இல் பாலம் இருந்தும் வான் இல்லை. பஸ்ஸில் பின்னேரமே வந்து, இரவு தங்கி, காலையில் திரும்புவதாக ஏற்பாடு செய்தால் வாகனச் செலவு அற்றுப்போகும். தங்க ஒரு பாடசாலைக் கட்டடம், தொழுகைக்கு ஒதுக்கமான சுத்தமான இடம், தண்ணீர். கோயில் அன்னதானம் மரக்கறிச் சாப்பாடு என்பதால் உணவில் சிக்கல் இல்லை. ஜூனில் மஃரிப் ஆறரைக்குச் சற்று முன், இஷா ஏழே முக்கால் அளவில். அவர்களுடைய நிகழ்ச்சியை எட்டேகாலுக்கு வைக்கவேண்டும். பேச்சாளர் ஒருவர் இழுத்து ஒன்பதரைக்குத் தள்ளுவது வழக்கமான பிழை. பத்து மணிக்கு ஒலிபெருக்கி நின்றுவிடும் என்ற விதி இங்கேயும் உதவும்: பேச்சைக் குறைக்க அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

நெல், சோறு, சன்மானம்

மாதிரி ஊரின் விழாவுக்கு நெல் தரும் வயல் 120 ஏக்கர். வழக்கமாக ஏக்கருக்கு 5 கிலோ. 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடையால் 2021/22 பெரும்போக விளைச்சல் விழுந்திருந்தது. அதே 5 கிலோவைக் கேட்டால் மனக்கசப்புத்தான் மிஞ்சும். 3 கிலோவாகக் குறைத்தால் 360 கிலோ. அது எங்கே போகிறது என்று பார்த்தால், முதல் இரவு 250 பேருக்கும் இரண்டாம் இரவு 400 பேருக்கும் ஆளுக்கு 110 கிராம் அரிசி வீதம் ஏறக்குறைய 72 கிலோ. நெல்லாக 114 கிலோ. அண்ணாவியாருக்கு 6 புசல், அதாவது 125 கிலோ. மத்தளக்காரர் இருவருக்கும் 60 கிலோ வீதம் 120. கூட்டினால் 359.

சன்மானத்தை நெல்லாகப் பேசியதில்தான் முழுக் கணக்கின் உறுதி இருக்கிறது. தையில் பேசிய ரூபாயின் பெறுமதி ஆனியில் வெகுவாக இறங்கிவிடும், நெல் அப்படியல்ல. வாங்குபவருக்கும் அது கௌரவக் குறைவாகத் தெரியாது, பழைய அண்ணாவிமார் அப்படித்தான் பெற்றார்கள்.

அறுவடை முடிந்த கையோடு மாசி, பங்குனியில் நெல்லை வாங்கிக் கோயில் களஞ்சியத்தில் வைக்கவேண்டும். நன்றாகக் காயாமல் கட்டிய மூடை இரண்டு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். பல்லால் கடித்தால் 'டிக்' என்று உடையவேண்டும். மூடைக்கு அடியில் பலகை, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி. விலை ஏறும்போது 'இப்ப வித்தால் நல்ல காசு' என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். விற்றுவிட்டு ஆனியில் அரிசி வாங்கப் போனால் விற்ற காசுக்குப் பாதி அரிசிதான் வரும். களஞ்சியத் திறப்பு (சாவி) இரண்டு, இரண்டு பேரிடம்.

கறியில் இறக்குமதிப் பருப்பை நம்பக்கூடாது. ஆளுக்கு 30 கிராம் என்றாலும் 650 பேருக்கு 19 கிலோவுக்கு மேல். பாதியைப் பயறாலும் மீதியைப் பூசணி, கத்தரி, கீரையாலும் ஈடுசெய்யலாம். தேங்காய் எட்டுப் பேருக்கு ஒன்று வீதம் 80 வேண்டும். வீட்டுக்கு ஒன்று கேட்டால் மிஞ்சும். கரைவலைப் பக்கத்தில் சம்மாட்டிமார் (வலை உடையோர்) ஒருநாள் மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்கு விடும் வழக்கம் இருந்தால் அதைக் காசாக வாங்கி எண்ணெய், உப்பு, கற்பூரம், விபூதி, சாயப்பொடி என்று ஊரில் விளையாதவற்றுக்கு ஒதுக்கலாம். இயந்திரப் படகுக்காரரிடம் அந்த ஆண்டில் கேட்பது சரியில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்தன.

அரங்கேற்றம் முடிந்து வீட்டுக்கு வீடு ஆடும் வழக்கம் வருமானத்துக்கு உதவும். ஆனால் கதவைத் தட்டி ஆடினால் கொடுக்க இல்லாதவர் கூனிக்குறுகுவார். அழைத்த வீட்டில் மட்டும் ஆடுவது என்று முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிட்டால் அழைக்காதவரை யாரும் கேட்கமாட்டார்கள்.

வெளியிலிருந்து வரும் காசு

வெளிநாட்டு உறவுகளின் காசு அந்த ஆண்டில் தலைகீழாக வேலை செய்தது. பெப்ரவரியில் 100 டொலர் 20,000 ரூபாய், மேயில் 36,000. அனுப்பியவர் கூடுதலாகத் தரவில்லை, ஆனாலும் குழுவுக்குப் பெரிய காசு. சிக்கல், அதோடு வரும் நிபந்தனைகள்: பெயர்ப்பலகை, நேரலை, தங்கள் தகப்பனாரின் பெயரில் மேடை. இந்தக் காசைச் சோற்றுக்கும் வாடகைக்கும் கரைக்காமல் நிலைத்து நிற்கும் பொருட்களுக்கு மட்டும் ஒதுக்குவது நல்லது: மத்தளத் தோல் இரண்டு சோடி, இன்வேர்ட்டர், கிரீடங்களுக்கு மரமும் கண்ணாடியும், பிரம்பு. பெயரை அந்தப் பொருளிலேயே எழுதலாம். பலகை அடிக்கிற செலவு மிச்சம். மத்தளத் தோல் மாசிப் பனியில் தளரும், கச்சானில் இறுகும். அரங்கேற்றத்துக்கு முதல் வாரத்தில் வெடித்தால் மாற்றுத் தோல் தேடி மட்டக்களப்புக்கு ஓட அன்று பஸ்ஸும் இராது.

கடைக்காரர், வங்கிக்கிளை அனுசரணைகளில் விழாவுக்கு 30 நாள் முன்னர் கையில் வந்ததை மட்டும் வரவாக எழுதவேண்டும். 'பார்ப்பம்' என்று சொன்னதை எழுதினால் கடைசி வாரத்தில் வட்டிக்கு வாங்க நேரும். சிறு அனுசரணைக்குப் பெரிய பிளெக்ஸ் பதாகை அடித்துக் கொடுத்து, கணக்குப் பார்த்தால் பதாகைக்கே காசு போதாமல் போன குழுக்கள் உண்டு. அரச உதவியையும் அப்படியே கொள்ளவேண்டும். பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தர் மூலம் வருவது பெரும்பாலும் பற்றுச்சீட்டுக் கொடுத்தபின் வரும் காசு. 2022இல் திறைசேரி அரச செலவுகளை இறுக்கியபின் அதுவும் தாமதம். பதிவுசெய்த கலைமன்றமாக இருந்தால் காசு கேட்பதைவிடக் கட்டடம், கதிரை, ஆவணப் பதிவு என்று கேட்பது எளிதில் கிடைக்கும்.

சிறப்பு மலரைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். தாளில்லாமல் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே சில இடங்களில் தள்ளிப்போன ஆண்டில், வாழ்த்துச் செய்திகளால் நிரம்பிய அறுபது பக்கம் யாருக்கும் தேவையில்லை. கூத்தின் கதைச்சுருக்கத்தையும் ஆடுவோர் பெயர்களையும் ஒரே தாளில் இருபக்கமும் அச்சடித்தால் போதும்.

2023க்குப் பின்

2022 ஓகஸ்ட்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் இருமுறை பெருமளவில் ஏறியது. மின்வெட்டு நின்றது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. பணவீக்கம் இறங்கியது என்பது விலை இறங்கியதாகாது. ஏறிய இடத்தில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். டீசல் கையில் கிடைக்கத் தொடங்கியதும் குழுக்கள் மேடைக்குத் திரும்பத்தான் பார்க்கும். 2024 ஜனவரியில் சம்பூரில் ஜல்லிக்கட்டும் நகரில் 1008 பானைப் பொங்கலும் பெரும் எடுப்பில் நடந்தன. அவற்றின் அளவு வேறு, பணம் வந்த வழியும் வேறு. அதைப் பார்த்து ஊர்க்குழு தன் விழாவை விரித்தால் கதிரை வாடகையிலேயே மூழ்கும்.

முதல் இரவின் கலப்பு நிகழ்ச்சிக்குச் சிறிய மேடையும் ஒலிபெருக்கியும், இரண்டாம் இரவுக் கூத்துக்கு வட்டக்களரி என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். பிள்ளைகளின் நடனத்தைத் தூரத்திலிருந்து பார்க்க மேடை வேண்டும் என்று தாய்மார் கேட்பது நியாயமானதே. 12 எல்.ஈ.டி. பார் விளக்கு, ஒன்று 150 வாற்று வீதம், 1.8 கிலோவாற்று, ஒலியோடு 3 கிலோவாற்று. 5 கேவிஏ பெற்றோல் ஜெனரேற்றர் மணிக்கு இரண்டு லீற்றருக்குள் முடிக்கும். பத்து மணிக்கு நிறுத்தினால் ஐந்தாறு லீற்றர்.

விழா முடிந்து ஏழு நாளுக்குள் கணக்கைக் கோயில் சுவரில் ஒட்டவேண்டும்: அளவு ஒரு நிரல், ரூபாய் ஒரு நிரல், தந்தவர் பெயர் ஒரு நிரல். ஒரு தேங்காய் தந்தவரின் பெயரும் அதில் இருக்கட்டும். பெற்றறிகளை முழுதாக நிரப்பித்தான் உரியவரிடம் திருப்பவேண்டும். களரி மண்ணை அள்ளிக் கோயில் வீதிப் பள்ளங்களில் போடலாம். வயலுக்குத் திருப்பக் கூலி கொடுப்பது வீண். கரப்புடுப்புகளை இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, வேப்பிலை இட்டு, பரணில் தொங்கவிடவேண்டும். மடித்து வைத்தால் பிரம்பு வளைந்துவிடும், ஐப்பசி மழையில் துணி கரும்புள்ளி போடும். மத்தள வாரைத் தளர்த்திவிடவேண்டும். ஆவணி பிறந்ததும் மத்தளம் பழக இரண்டு பிள்ளைகளை உட்கார்த்திவிட்டால், தையில் சட்டங்கொடுக்கும்போது அவர்கள் அடிப்படைத் தாளக்கட்டுகளையாவது தாண்டியிருப்பார்கள்.